நோயாளியை அலைய விடாதே, மாதிரியை அனுப்பு!

தருமபுரி ஜில்லாவில் இரண்டு வாரத்துக்கு மேலாக இருமிக்கொண்டிருக்கும் ஒரு விவசாயத் தொழிலாளி, தனக்கு வந்திருப்பது காசநோயா இல்லையா என்று தெரிந்துகொள்ள எத்தனை நாள் கூலியைப் பறிகொடுக்க வேண்டும்? சர்க்காரின் கணக்குப் புத்தகத்தில் இந்தச் செலவுக்கு இடம் கிடையாது. தொழிலாளியின் வயிற்றில்தான் அது எழுதப்படுகிறது. ஆகவே இந்தக் கேள்வியை நாம் கேட்கிறோம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரிடம் காட்ட ஒரு நாள். "அந்தப் பரிசோதனை இங்கே இல்லை, அரூருக்குப் போ, தருமபுரிக்குப் போ" என்று சொல்லிவிட்டால் இன்னொரு நாள். முடிவு எழுதிய காகிதத்தை வாங்கிவர மற்றொரு நாள். அந்தக் காகிதத்தை டாக்டரிடம் காட்டி மருந்து வாங்க மேலும் ஒரு நாள். நாலு நாள் கூலி போயிற்று. மலை ஊராக இருந்தால் இறங்கி ஏறும் நேரம் வேறு. துணைக்கு ஒருவர் வந்தால் அவருடைய கூலியும் போயிற்று. 2021ல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையென்று ஆக்கினார்கள்; நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் போன நாளின் கூலியை எந்தப் பஸ் திருப்பிக் கொண்டுவரும்?

பஞ்சாலைத் தொழிலாளியின் நிலைமையும் இதேதான். பஞ்சுத் தூசியை வருஷக்கணக்கில் உள்ளே இழுத்தவருக்கு இருமல் வருகிறது. கல் குவாரியில் வேலை செய்தவருக்குச் சிலிக்காத் தூசி நுரையீரலை அரித்து, காசநோய்க்கு வாசலைத் திறந்துவிடுகிறது. இது தூசியால் வந்த இருமலா, கிருமியால் வந்த இருமலா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சளியைப் பரிசோதித்தால்தான் தெரியும். ஷிப்டை விட்டுப் போனால் சம்பளம் வெட்டு. போகாவிட்டால் வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் தொற்று. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று உழைப்பாளியிடம் சொல்வது என்ன நியாயம்?

அலைச்சல் தாங்காமல் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் களைக்கொத்தைத் தூக்குகிறார்கள். பிறகு ரத்தம் கக்கும்போதுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். "படிப்பறிவில்லாத ஜனங்கள், உடம்பைக் கவனிப்பதில்லை" என்று அப்போது உபதேசம் செய்பவர்களுக்குக் குறைவில்லை. குற்றம் படிப்பறிவில் இல்லை. பரிசோதனைக் கூடத்துக்கும் குடிசைக்கும் நடுவே கிடக்கும் தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தை யார் கடப்பது என்பதே பிரச்னை.

சளியும் ரத்தமும் காத்திருக்காது

ஒரு டப்பாவில் அடங்கும் சளி. ஒரு விரல் நீளக் குழாயில் அடங்கும் ரத்தம். அதைப் பரிசோதிக்க முழு மனிதனும் பிரயாணம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. மாதிரி போனால் போதும். ஆனால் அது சரியான நேரத்தில், சரியான முறையில் போக வேண்டும்.

ஏன்? சளியை வெயிலில் வைத்தால் அதிலுள்ள மற்ற கிருமிகள் பெருகிக் காசக் கிருமியை மூடிவிடும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு அந்தச் சளி உதவாது. ஆகவே 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் வைத்து மூன்று நாளைக்குள் கூடத்தில் சேர்க்க வேண்டும் என்பது விதி. ரத்தமும் அப்படியே. குழாயில் எடுத்த பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. அப்படியே வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறைந்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு "நோய் இல்லை" என்று சீட்டு வந்துவிடும். நம் ஜில்லாவின் கிணற்றுத் தண்ணீரில் கலந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடின் உப்பைத்தான், இந்தச் சர்க்கரைச் சேதத்தைத் தடுக்கக் குழாயில் போடுகிறார்கள். அதுவும் வேலை செய்ய நேரம் பிடிக்கும். குண்டும் குழியுமான ரோட்டில் குலுங்கினால் அணுக்கள் உடைந்து பொட்டாசியம் கணக்கு ஏறிவிடும். இல்லாத வியாதிக்கு வைத்தியம் நடக்கும்.

ஆகவே மாதிரியைக் கொண்டுபோவது கையில் கிடைத்தவரிடம் கொடுத்தனுப்பும் சில்லறை வேலை இல்லை. கசியாத குழாய், அதைச் சுற்றி ஈரத்தை உறிஞ்சும் பஞ்சோடு இரண்டாவது உறை, அதற்கு மேல் உறுதியான பெட்டி, பனிக்கட்டி, பெயரும் நேரமும் எழுதிய சீட்டு — இத்தனையும் வேண்டும். தெரிந்த கை வேண்டும். நேரம் தவறாத வண்டி வேண்டும்.

புதிய யோசனை ஒன்றும் இல்லை

மனிதனை அலைய விடாமல் வைத்தியத்தை அனுப்பு என்பது இன்று நேற்றுக் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. நம் நாட்டிலேயே அதற்குச் சரித்திரம் உண்டு. 1907ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. வெறிநாய் கடித்தவர்கள் தொடக்கத்தில் அங்கேதான் போய்த் தங்கி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வசதி இல்லாதவர்கள் போகவில்லை, செத்தார்கள். பிற்பாடு ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கே மருந்தை அனுப்பும் ஏற்பாடு வந்தது. ஆள் போனது நின்றது, மருந்து வந்தது.

காசநோயிலும் வழிகாட்டியது சென்னைதான். 1956ல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஏற்பட்டது. அதுவே இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தும், மறு பகுதியினரை நெரிசலான அவர்கள் வீட்டிலேயே இருக்கவைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களால் குடும்பத்தாருக்கு அதிக ஆபத்தும் ஏற்படவில்லை. 1959ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் வைத்தியத்தை மாற்றியது. ஏழையின் வீட்டு வாசலுக்கு மருந்து வரலாம் என்று நிரூபித்த மாநிலத்தில், ஏழையின் வீட்டு வாசலிலிருந்து சளி போகக்கூடாதா?

மனமிருந்தால் எல்லாம் நடக்கும் என்பதற்குப் போலியோவே சாட்சி. 15 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திடீரென்று கை கால் விழுந்தால், அந்தக் குழந்தை எந்தக் குக்கிராமத்தில் இருந்தாலும், இரண்டு வாரத்துக்குள் இரண்டு முறை மலத்தை எடுத்துப் பனிக்கட்டியில் வைத்து மூன்று நாளைக்குள் பரிசோதனைக் கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று விதி செய்தார்கள். விதி காகிதத்தில் நிற்கவில்லை. இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா ஜில்லாவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்தது என்ற சான்று கிடைத்தது. சொட்டு மருந்து கொடுத்தவர்களை நாடு பாராட்டியது. பனிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் ஓடிய சிப்பந்திகளும் அந்தப் பாராட்டுக்கு உரியவர்களே.

இன்னொரு சாட்சியும் நம் ஜில்லாவிலேயே இருக்கிறது. பென்னாகரம் தொகுதியைச் சேர்ந்த கோட்டூர் மலைக்கு வண்டி போகும் பாதை இல்லாததால், 2021 சட்டமன்றத் தேர்தலிலும் 2024 நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்கு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போனார்கள். குறித்த நாளில் ஏற்றினார்கள். குறித்த நாளில் இறக்கினார்கள். ஒரு ஓட்டும் வீணாகக் கூடாது என்ற அக்கறையைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் ஓட்டைச் சுமக்கக் கழுதை கிடைக்கிறதே, ஓட்டுப் போட்டவரின் சளி டப்பாவைச் சுமக்க வாரம் இரண்டு நாள் ஓர் ஆளை அமர்த்துவது மட்டும் ஆகாத காரியமா?

2020 சொன்ன பாடம்

கொரோனா காலத்தை நாம் மறக்கவில்லை. 2020 ஜனவரியில் இந்தியா முழுவதற்கும் புனே நகரக் கூடம் ஒன்றே கதி. பிறகு தமிழ்நாட்டில் கிண்டி கிங் நிலையத்தில் பரிசோதனை தொடங்கியது. அதன் பின்னரே ஜில்லாக்களுக்குக் கூடங்கள் வந்தன. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரியிலும் வந்தது. மூக்குச் சளி எடுத்த குச்சி கூடத்துக்குப் போய்ச் சேர்ந்து முடிவு வரும்வரை மனிதர்கள் காத்துக்கிடந்ததை நாடே பார்த்தது. ஒரு மாதிரி தாமதமானால் ஒரு குடும்பமே முடங்குகிறது என்பதை அப்போது பங்களாவில் இருந்தவர்களும் தெரிந்துகொண்டார்கள். ஆபத்து தங்களைத் தொட்டதும் வண்டிகள் வந்தன, பனிப்பெட்டிகள் வந்தன, இரவும் பகலும் கூடங்கள் வேலை செய்தன.

காசநோய் ஏழையின் நோய். அது சத்தம் போடாமல் கொல்கிறது. காசத்தால் சாகிறவர்களில் பெரும்பாலோர் வைத்தியம் தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே சாகிறார்கள். நோய் முற்றி வருவதே காரணம். இதைத் தடுக்கத்தான் தமிழ்நாட்டில் 2022ல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் நோய் இன்னதென்று உறுதியான பிறகுதான் எந்தத் திட்டமும் வேலை செய்யும். சத்துணவுக்கென்று காசநோயாளிக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து, 2024 நவம்பரிலிருந்து அதை 1000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதுவும் நோய் உறுதியானவருக்கே. உறுதியாகும்வரை அலைந்த நாட்களுக்கு யார் பொறுப்பு?

லாபக்காரர்களுக்கு முடிகிறதே!

"மாதிரியை ஊர் ஊராகப் போய் எடுத்துவருவது எப்படி முடியும்?" என்று கேட்பவர்கள், சாயங்கால நேரத்தில் தருமபுரி பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள தனியார் கிளினிக்குகளைப் பார்க்கட்டும். பெரிய பரிசோதனைக் கம்பெனிகளுக்காகப் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் பையன்கள் வருகிறார்கள். மாதிரிகளைச் சேகரிக்கிறார்கள். அவை ராத்திரியோடு ராத்திரியாகப் பெரிய நகரத்துக்குப் போகின்றன. மறுநாள் முடிவு செல்போனில் வந்துவிடுகிறது. காசு கொடுக்க வக்கிருப்பவரின் ரத்தம் தனியாகவே பிரயாணம் செய்கிறது. காசில்லாதவரின் ரத்தத்தை அவரே சுமந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. விஞ்ஞானம் ஒன்றுதான், வர்க்கம்தான் இரண்டு.

அந்தப் பெட்டியைச் சுமக்கும் இளைஞரும் நம்மவரே. நடைக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கூலி கொடுத்து, பெட்ரோல் செலவையும் விபத்தையும் அவர் தலையிலேயே கட்டுவது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். கையுறை உண்டா, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி உண்டா, இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டால் பதில் கிடைப்பது அபூர்வம். நேரத்துக்குச் சேர்க்க வேண்டுமென்று விரட்டும் கம்பெனி, அவர் விழுந்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. நோயாளிக்கு நியாயம் கேட்கும்போது இந்தத் தொழிலாளிக்கும் சேர்த்தே நாம் நியாயம் கேட்கிறோம்.

சர்க்கார் வேலையைக் கம்பெனியிடம் குத்தகைக்கு விட்டால் என்ன என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அண்டை மாநிலங்களைப் பார்ப்போம். ஆந்திராவில் 2016ல் சர்க்கார் சுகாதார நிலையங்களின் பரிசோதனைகளைத் தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். தெலங்கானாவில் 2018ல் ஹைதராபாத் நகரில் சர்க்காரே மையக் கூடம் அமைத்து, சுற்றிலுமுள்ள சுகாதார நிலையங்களிலிருந்து வண்டி அனுப்பி மாதிரிகளைச் சேகரித்து, முடிவைச் செல்போனுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். 2021ல் ஜில்லாக்களுக்கும் அது விரிந்தது. சர்க்காரே நடத்த முடியும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கம்பெனிக்குக் கொடுத்தால் மாதிரிக்கு இவ்வளவு என்று பணம் வெளியே போகும். குத்தகை முடிந்த நாளில் கூடமும் இருக்காது, பழகிய சிப்பந்தியும் இருக்கமாட்டார். சர்க்கார் கூடம் கட்டினால் அது ஜனங்களின் சொத்தாக நிற்கும்.

ஆகாய விமானமும் மோட்டார் சைக்கிளும்

இப்போது ஆளில்லாத சிறு விமானங்களைப் பற்றிப் பெரிய பேச்சு நடக்கிறது. 2016ல் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் குழந்தைகளின் ரத்த மாதிரியை அதில் அனுப்பிச் சோதித்தார்கள். 2021 அக்டோபரில் மணிப்பூரின் லோக்டாக் ஏரியிலுள்ள கராங் தீவுக்கு, ஆகாய வழியில் 15 கிலோமீட்டர் தூரத்தை ஏறக்குறைய கால்மணி நேரத்தில் கடந்து தடுப்பூசி மருந்து போய்ச் சேர்ந்தது. விஞ்ஞானத்தின் இந்த வெற்றியை நாம் வாழ்த்துகிறோம். மழைக்காலத்தில் சித்தேரி மலைக்கும் வத்தல்மலைக்கும் அது உதவுமானால் வரட்டும். ஆனால் படம் பிடிக்க ஒரு நாள் பறக்கவிட்டு மறுநாள் மூட்டை கட்டும் வித்தை நமக்கு வேண்டாம்.

ஆப்பிரிக்காவின் இன்னொரு ஏழை நாடான உகாண்டா செய்ததைப் பாருங்கள். ஒரு மையக் கூடம், ஒரு மோட்டார் சைக்கிள், அதை ஓட்டப் பயிற்சி பெற்ற ஓர் ஆள். சுற்றிலும் உள்ள 20 முதல் 40 சுகாதார நிலையங்களுக்கு முறை வைத்துப் போய் மாதிரிகளைக் கொண்டுவருவார்; பழைய முடிவுகளைக் கொடுத்துவிட்டு வருவார். அவ்வளவுதான் ஏற்பாடு. நாடு முழுவதும் அதை விரித்தார்கள். நம் நாட்டில் தபால் இலாகா இருக்கிறது. 2018ல் டில்லியின் ஒரு பகுதியில் தபால்காரர்களைக் கொண்டே சளி மாதிரிகளை அனுப்பிச் சோதித்தும் பார்த்தார்கள். அரசுப் பஸ் அரூருக்கும் போகிறது, பென்னாகரத்துக்கும் போகிறது, பாலக்கோட்டுக்கும் போகிறது. கருவிகள் எல்லாம் கண் முன்னே கிடக்கின்றன. கோத்துக் கட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

"பணம் எங்கே?" என்ற பழைய பல்லவி இப்போதும் எழும். பதில் எளிது. ஒரு மோட்டார் சைக்கிள் ஒரு நாளில் ஐம்பது பேரின் மாதிரியைச் சேர்த்துவிடும். அந்த ஐம்பது பேருமே போனால் ஐம்பது நாள் கூலி, ஐம்பது பஸ் செலவு. இந்தச் செலவு இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சர்க்கார் கஜானாவுக்குப் பதிலாகக் கூலிக்காரர் மடியிலிருந்து நடக்கிறது என்பதே வித்தியாசம்.

நாம் கோருவது

ஒன்று: தருமபுரி ஜில்லாவின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்தும் தினசரி குறித்த நேரத்தில் மாதிரி வண்டி புறப்பட வேண்டும். மலை ஊர்களுக்கு வாரத்தில் நிச்சயமான நாட்கள் வேண்டும். பஸ் நேரம் எழுதுவது போல் அந்த நேரத்தைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். காசநோய்க்கு ஒரு வண்டி, சர்க்கரைக்கு ஒரு வண்டி என்று திட்டத்துக்குத் திட்டம் பிரிக்காமல் எல்லா மாதிரிகளும் ஒரே ஏற்பாட்டில் போக வேண்டும்.

இரண்டு: முடிவு கிராமத்துக்கே வர வேண்டும். செல்போன் உள்ளவருக்குச் செல்போனில். இல்லாதவருக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் மூலம். ஒரு காகிதத்துக்காக ஒரு நாள் கூலி போகக்கூடாது.

மூன்று: மாதிரி சுமப்பவர் நிரந்தரச் சிப்பந்தியாக இருக்க வேண்டும். மாதச் சம்பளம், வண்டி, பெட்ரோல், பனிப்பெட்டி, கையுறை, தடுப்பூசி, இன்சூரன்ஸ் எல்லாம் சர்க்கார் பொறுப்பு. நடைக்கூலி முறை கூடாது.

நான்கு: பரிசோதனைக் கூடங்களில் காலியாகக் கிடக்கும் லேப் டெக்னீஷியன் இடங்களை நிரப்ப வேண்டும். மத்திய சர்க்காரின் 2019ம் வருஷத்து வழிகாட்டி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கென்று 63 பரிசோதனைகளைப் பட்டியல் போட்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் எவை நடக்கின்றன, எவை இல்லை என்பதைப் பொதுமக்கள் பார்க்கும்படி எழுதி ஒட்ட வேண்டும்.

ஐந்து: நேரில் வந்துதான் தீர வேண்டிய பரிசோதனைக்குப் போகும் நாளுக்கு, கூலிக்காரருக்கு ஈட்டுத்தொகையும் ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறையும் வேண்டும்.

கோரிக்கைகள் எழுதினால் மட்டும் நடந்துவிடா. உங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்குச் சங்கத்தின் பேரில் ஐந்து பேர் போங்கள். மூன்றே கேள்வி கேளுங்கள்: "மாதிரி எத்தனை மணிக்குப் புறப்படுகிறது? யார் கொண்டுபோகிறார்? முடிவு எத்தனை நாளில் வருகிறது?" அங்குள்ள செவிலியரோடும் டெக்னீஷியனோடும் சண்டைக்கு நிற்காதீர்கள், ஆள் பற்றாக்குறையில் அவர்களும் நம்மைப் போலவே நொந்தவர்கள். அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானம் போடுங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஆலைத் தொழிற்சங்கமும் மாதர் சங்கமும் அந்தத் தீர்மானங்களைக் கையில் எடுத்துக்கொண்டு ஒன்றாகக் கலெக்டர் ஆபீஸ் படியேறட்டும்.

2021 ஆகஸ்டில் பக்கத்து ஜில்லாவான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். மருந்து மக்களைத் தேடி வரலாம் என்று சர்க்காரே ஒப்புக்கொண்ட பிறகு, மாதிரி மட்டும் ஏன் மக்களின் முதுகிலேயே போக வேண்டும்? இருமுகிற தொழிலாளி வேலைக்குப் போகட்டும், அல்லது வீட்டில் படுத்து ஓய்வெடுக்கட்டும். சளி டப்பா தருமபுரிக்குப் போகட்டும். இந்தச் சின்ன நியாயத்தைப் பெறும்வரை நாம் ஓயப்போவதில்லை.